ஏரியும் ஏடும்

கேட்டதைக் கேட்டவாறே நம்புவதும், நம்பியதைப் பிறர்க்கு உரைத்து மகிழ்வதும் மனித இயல்பு. அவ்வியல்புக்கு நாமும் விலக்கல்லோம் என்பதை அமெரிக்க நாட்டு ஏரி ஒன்று நமக்கு உணர்த்தியது.

நியூயார்க், வெர்மான்ட் மாநிலங்களுக்கு இடையே கிடந்து, கனடாவின் கியூபெக் வரை நீள்வது சாம்ப்ளேன் ஏரி. ஏறத்தாழ 120 மைல் நீளமும், 400 அடி வரை ஆழமும் உடையது. நீண்ட கழுத்துடைய பெருவிலங்கொன்று அதனுள் வாழ்வதாகக் கரையோர மக்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். 'சாம்ப்' என்பது அதற்கு அவர்கள் இட்ட செல்லப்பெயர். 1982 இல் வெர்மான்ட் சட்டமன்றத்தின் கீழவை அதனைக் காத்திடத் தீர்மானமே நிறைவேற்றியது!

1609 இல் அங்குச் சென்று, ஏரிக்குத் தம் பெயரையே சூட்டிய பிரெஞ்சுப் பயணி சாமுவேல் டி சாம்ப்ளேன், அங்கு இருபதடிப் பாம்புருவைக் கண்டதாக எழுதினார் என்பர். இச்செய்தியை நாமும் வகுப்பறையில் பன்முறை கூறியுள்ளோம். மாணவர் விழி விரியக் கேட்டனர்.

பின்னொரு நாள் அவருடைய பயணநூலின் மொழிபெயர்ப்பு நம் கைக்குக் கிட்டியது. ஆவலோடு புரட்டினோம். ஆங்கே இருந்தது ஒரு மீன்! நீண்ட அலகும், இரு வரிசைப் பற்களும், குத்துவாளும் துளைக்கவியலாச் செதில்களும் கொண்ட மீன். அது எட்டு, பத்தடி வரை வளரும் எனப் பழங்குடியினர் சொல்லக் கேட்டதையும், தாம் கண்டது ஐந்தடியே என்பதையும் அவர் பிரித்தே எழுதியிருந்தார். அது 'கார்' எனும் மீனினம் என்பர் அறிஞர். இருபதடிப் பாம்போ 1970 இல் வெளிவந்த ஓர் இதழ்க் கட்டுரை வழிப் பரவியது.

நாணினோம். கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதிய ஒருவர் பெயரால், ஆராயாது பொய்யுரைத்திருந்தோமே! மறுநாள் வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டோம்.

"அப்படியானால் ஏரியில் வியப்பதற்கு ஒன்றுமே இல்லையா, ஐயா?" என்று ஏக்கத்தோடு வினவினார் ஒரு மாணவர்.

உண்டு. 1849 இல், ஏரியை அடுத்த சார்லட் எனும் ஊரில் இருப்புப்பாதைக்காக மண் அகழ்ந்தபோது திமிங்கிலம் ஒன்றன் எலும்புகள் கிடைத்தன. பனியூழியின் இறுதியில், பனிப்பாளங்களின் எடையால் தாழ்ந்திருந்த அந்நிலத்தில் கடல் புகுந்திருந்தது என்பதற்கு அவை சான்றாயின.

மூலநூலைத் தேடுவோர்க்கு வியப்புகள் குறைவதில்லை, மாணவச் செல்வங்களே! பொய் காட்டிய பாம்பினும் மெய் காட்டிய திமிங்கிலம் பெரிதன்றோ?