மாமியின் மூக்குத்தி

சென்ற தை மாதத்தில், லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள ஒரு வீட்டின் மொட்டை மாடியில் சதாபிஷேகம் ஒன்று நடைபெற்றது. நாம் பள்ளிக்கூடம் போன நாள் முதல் அந்தத் தம்பதிகளை அறிவோம். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுக்கலாம் என்று அவர்களுடைய மூத்த புதல்வர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நாம்தான் கேட்கவில்லை. நம்மிடம் நல்ல டிஜிட்டல் காமிரா இருக்கையில் வேறொருவர் எதற்கு என்று பிடிவாதம் பிடித்தோம். அந்தப் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையே இங்கே சொல்ல வந்தோம்.

அன்றிரவு படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது திடுக்கிட்டோம். மார்கழி, தை மாதங்களில் கொல்கத்தா வானம் பழைய வேஷ்டியைப் போல் வெளிறிக் கிடக்கும். அந்த வெளிறிய வானத்தில் ஏழு சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தன. ஒரு படத்தில் மட்டுமல்ல. மாடியில் எடுத்த எல்லாப் படங்களிலும், அதே இடங்களில், அதே ஏழு!

எங்கிருந்து வந்தவை என்பது உடனே விளங்கிவிட்டது. துர்க்கா பூஜைக்கு முன் குமார்துலிக்குப் போயிருந்தோம். வைக்கோலைக் கட்டி, அதன்மேல் மண்ணை அப்பி, காய்ந்த பிறகு தேய்த்து வழவழப்பாக்கும் அந்தக் குறுகிய சந்தில் நின்றபடியே ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டினோம். தேவியின் திருமேனியிலிருந்து உதிர்ந்த மண் நம் காமிராவுக்குள் குடிபுகுந்துவிட்டது. அதைத் தூசி என்று சொல்வதற்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தூசிக்கும் படக்கலைக்கும் உள்ள பகை புதிதன்று. இந்நகரில் புகழ்பெற்று விளங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்டு ஸ்டூடியோவை நிறுவியவர்களில் ஒருவரான சாமுவேல் போர்ன், 1860களில் கண்ணாடித் தகடுகளைச் சுமக்கச் செய்து இமயமலைக்குப் போனவர். ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டிய தகடுகள் அவை. ஈரத்தில் தூசி ஒட்டினால் அந்தப் படம் கெட்டது. ஆனால் அடுத்த தகடு புதுத் தகடு. (அந்த ஸ்டூடியோவில் 1991ஆம் ஆண்டு தீப்பிடித்தது, 2016இல் அது மூடப்பட்டது.) பின்னர் வந்த பிலிமும் அப்படித்தான், ஒவ்வொரு படத்துக்கும் சுருளின் புதுப் பகுதி நகர்ந்து வரும். டிஜிட்டல் காமிராவிலோ ஒளியை வாங்கிக்கொள்ளும் சென்ஸர் ஒன்றே ஒன்றுதான். நம் காமிராவில் அது முப்பத்தாறு மில்லிமீட்டர் நீளம், இருபத்து நான்கு மில்லிமீட்டர் அகலம். அதன் முன்னுள்ள கண்ணாடியில் ஒரு துகள் உட்கார்ந்தால், எடுத்து எறியும் வரை எல்லாப் படங்களிலும் அது உண்டு.

நான்கு மாதம் நம் கண்ணுக்கு அது படாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. டியூப் லைட்டின் கீழே மேஜைக்குச் சற்று மேல் விரலை நீட்டினால் நிழல் கலங்கலாக விழும். அகல் விளக்கின் முன் நீட்டினால் தெளிவாக விழும். லென்ஸின் துவாரம் அகலமாக இருக்கும்போது துகளின் நிழல் கரைந்துவிடுகிறது. மூன்று வரிசையாக நின்ற சுற்றத்தார் அனைவரும் தெளிவாக விழவேண்டும் என்று துவாரத்தை எண் 16க்குச் சுருக்கினோம், ஏழும் வெளிப்பட்டன.

அன்றிரவே லென்ஸைக் கழற்றி, 'பூ' என்று வாயால் ஊதினோம். செய்யத் தகாத காரியம் இது. ஏழுடன் எச்சில் துளி ஒன்றும் சேர்ந்து எட்டாயிற்று.

கம்ப்யூட்டரில் வழி இருந்தது. ஒரு படத்தில் புள்ளிகளை அழித்து, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கெல்லாம் ஒரே கட்டளையில் ஏற்றிவிடலாம். ஏற்றினோம். வானம் துடைத்தாற்போல் ஆயிற்று. தம்பதிகளின் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, கையில் ஏந்திக்கொண்டு போனோம்.

மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் நன்னா வந்திருக்கு. என் மூக்குத்தி எங்கேடா போச்சு?"

நாம் குனிந்து பார்த்தோம். மூக்குத்தி இருந்த இடத்தில் மாசற்ற தோல் இருந்தது. வேறு படங்களில் வானமாக இருந்த இடம், இந்தப் படத்தில் மாமியின் மூக்காக இருந்திருக்கிறது. கட்டளை வானத்தை அறியாது, மூக்கையும் அறியாது; இடத்தை மட்டுமே அறியும்.

"கல்யாணத்தன்னிக்குப் போட்டது. ஒரு நாளும் கழட்டினதில்லை" என்றார் மாமி. பிறகு, உள்ளே படுத்திருந்தவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாமாவுக்கு இதைக் காட்டாதே" என்றார்.

சட்டத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். அந்தப் படிகள் அன்றைக்கு மிக நீளமாக இருந்தன.

மறுநாள் தர்மதலாவில் காமிரா ரிப்பேர் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் துவாரத்தை 22க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரைக் கலங்கலாகப் படம் எடுத்தார். படத்தின் மேற்புறம் தெரியும் புள்ளி சென்ஸரின் கீழ்ப்புறம் இருக்கும் என்றும், இடவலம் மாறாது என்றும் காட்டினார். பாட்டரி நிறைந்திருக்கிறதா என்று சரிபார்த்தார்; துடைக்கும் நடுவில் சக்தி குறைந்து ஷட்டர் மூடிக்கொண்டால் பெருநஷ்டம். காமிராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர்ப் பந்தால் காற்றடித்தார். ஐந்து உதிர்ந்தன. மீதி இரண்டுக்கும் நம் எச்சிலுக்கும் அதற்கென்றே உள்ள மெல்லிய துடைப்பானில் இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே இழுப்பு. இரண்டாம் முறை வேறு துடைப்பான். 2003இல் ஒலிம்பஸ் கம்பெனியார் சென்ஸர்க் கண்ணாடியை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதியைக் கொண்டுவந்தார்கள்; நம் காமிராவிலும் அப்படி ஒன்று உண்டு. ஒட்டிக்கொண்டதை உதற அதனால் ஆகாது என்றார். வாயால் ஊதியதை நாம் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்துச் சிரித்தார்.

வீடு திரும்பி, முதற்பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, இருநூற்றுப் பத்துப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். மூன்று இரவுகள் ஆயின. ஒரு படத்தில் எட்டாவதாக ஒரு கரும்புள்ளி இருந்தது. அழிக்கப் போன கையை நிறுத்தி அடுத்த படத்தைப் பார்த்தோம். புள்ளி சற்று நகர்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பருந்து. அப்படியே விட்டுவிட்டோம்.

ஞாயிறன்று புதுப் படத்தைக் கொண்டுபோனோம். மாமி முதலில் தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு படத்தில் அதே இடத்தில் விரலை வைத்தார். "மாமாவைக் கூப்பிடு" என்றார்.