கோர்வைப் பக்கம்

2024 ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளி திறந்தாச்சு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் காலையிலேயே தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். சின்னவன் புதுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நூலில் படாமல் சுவரோரமாக நடந்து போனான். மூன்றாம் வகுப்பு. பெரியவள் பத்தாவது. பத்தாவது என்றதுமே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காசு தருகிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சின்னவனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே. 2022-இல் அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய திட்டம், மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பொங்கல் என்றால் புதன்கிழமை என்பது அவன் கணக்கு. எனக்குக் காலையில் அரை மணி மிச்சம். அதையும் தறிதான் எடுத்துக்கொள்கிறது.

ஜூன் 12, புதன்

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம். காலை வணக்கத்தில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்த சின்னவன் பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, நீ குழந்தைத் தொழிலாளியா இருந்தியா?"

தறியில் இருந்த என் வீட்டுக்காரர் நாடாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆமாடா, உன் வயசுலதான் உட்கார்ந்தேன்" என்றேன்.

எங்கே உட்கார்ந்தேன் என்று அவனுக்குக் காட்ட வேண்டியதே இல்லை. இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நெய்பவர் உடல் ஊடையை விட, ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளி, உடல் நூலோடு கோத்து வாங்க இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இதே வேலை. ஒன்று தப்பினாலும் கரையோரம் இடைவெளி தெரியும். சேலை முடியப் பத்து நாளும் ஆகும், மாதமும் ஆகும். அந்த இரண்டாவது ஆளாக ஊரெல்லாம் பிள்ளைகளை உட்கார வைத்திருந்த காலம் அது. முதலாளியிடம் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். கடன் தீரும்வரை நான் தறிப் பலகையில். ஐந்தாவதோடு நின்ற படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம் தனித்தேர்வு எழுதித்தான் பத்தாவது வரை கொண்டுவந்தேன்.

1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவிலும் சாயத்திலும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் பட்டறைக்கு அதிலேயே விலக்கு கொடுத்தது. அப்புறம் ஊரில் எந்தத் தறியில் எந்தப் பிள்ளை உட்கார்ந்தாலும் அது "எங்க வீட்டுப் பிள்ளை"தான்! 2010-இல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பலகையை விட்டு இறங்கினார்கள், நல்லதுதான். காலியான இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் எந்த மேடையிலும் பேசிக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் பாதித் தறிகளில் அம்மாக்கள்தான். கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. நெசவாளர் சொசைட்டி பாஸ்புக்கில் அவர் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. ஜக்கார்டு தூக்க மோட்டார் வந்துவிட்டது, அவர் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. கோர்வைக்கு நான்தான்.

ஜூன் 23, ஞாயிறு

பெரியவள் குண்டு போட்டாள். பத்தாவது முடித்ததும் சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் டிப்ளமோ சேர வேண்டுமாம். மூன்று வருடப் படிப்பு. யார் சொன்னது என்றால், டீச்சர்.

"தறி வேணாம்னுதானே உன்னைப் படிக்க வைக்கிறோம்?" அவர் குரல் ஏறியது. அந்த நேரம் பார்த்து வந்த பெரிய மாமனார், அண்ணாவைப் பார், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, படித்துத்தானே மேலே வந்தார் என்று ஆரம்பித்தார். இந்த ஊரில் படிப்புப் பேச்சு எடுத்தாலே அண்ணா வந்துவிடுவார். அண்ணா நடுவில் படிப்பை விட்டு நகராட்சியில் எழுத்தராக இருந்ததையும், அப்புறம்தான் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனதையும் மட்டும் விட்டுவிடுவார்கள்.

"நான் நெய்யப் போறேன்னு சொல்லலப்பா. சாயம், டிசைன், நூல் சோதனை எல்லாம் இருக்கு. அம்மா இல்லாம ஒருத்தரே கோர்வை போட ஏதாவது வழி இருக்கான்னும் பார்ப்பேன்."

அவர் எதுவும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார். ஆயாதான் அவளை விடவில்லை. "சேலம் தூரமாச்சே, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்குமாடி?"

எனக்கு அவள் பக்கம்தான். படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கே வருவதை ஏன் தோல்வியாக நினைக்க வேண்டும்? வீட்டில் சொன்னால் சண்டை. அதனால் முதலில் சொசைட்டியில் விசாரிக்கிறேன்: விண்ணப்பம் எந்த மாதம், கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்று. கணக்கில் அவள் கொஞ்சம் பின்தங்கல். காலாண்டு மதிப்பெண் வரட்டும், டியூஷன் பற்றி அப்போது பார்த்துக்கொள்ளலாம்.