கை வைக்கக் கூடாத இடம்

எங்கள் வேளாண்மை அறிவில் பெரும்பகுதி கை வழியாக வந்தது. முளைகட்டிய விதை கொதித்துப் போயிற்றா என்று சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்போம். சேற்றின் பதத்தைக் காலும் கையும் சொல்லும். கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்துவிட்டு அறுப்புக்கு நாள் குறித்தவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். நடவு இயந்திரம் வந்தபோது அந்தக் கையோடுதான் அதனருகிலும் போனோம். தொட்டுப் பார்த்து அறிவதை அனுமதிக்காத ஒரு பகுதி அதில் உண்டு. அது ஹைட்ராலிக் குழாய்.

வரப்பருகே திரும்பும்போது நாற்றுப்பாய்த் தட்டோடு நடவுப் பகுதி முழுவதையும் மேலே தூக்குவது எண்ணெயின் அழுத்தம். டிராக்டரின் பின்னால் விதைப்புக் கருவியைத் தூக்கி நிறுத்துவதும் அதுவே. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கலின் விளக்கம், அவர் மறைந்தபின் 1663இல் அச்சேறியது. ஹாரி பெர்குசன் வடிவமைத்த ஹைட்ராலிக் மூன்று புள்ளி இணைப்பு 1939இல் போர்டு டிராக்டரில் வந்தது. எங்கள் ஊர் டிராக்டர்களின் பின்புறத்தில் இன்று இருப்பது அதன் வாரிசுதான்.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ. டிராக்டர் ஹைட்ராலிக்கில் 150 கிலோவும் அதற்கு மேலும் சாதாரணம். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், அதன் வழியே வரும் எண்ணெய் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. மெல்லிய புகைபோலத் தோன்றும், அல்லது பக்கத்து இரும்பில் ஈரம் மட்டும் படிந்திருக்கும். எங்கிருந்து கசிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவது மனித இயல்பு. அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பக்கத்து ஊர் ஓட்டுநர் ஒருவருக்கு அப்படித்தான் நேர்ந்தது. முள் குத்தியதுபோல ஒரு புள்ளி, இரத்தம்கூட இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர் தடுப்பூசி போட்டு அனுப்பிவிட்டார். குறுவை நடவு நேரம், மறுநாளும் வண்டி ஓட்டினார். இரவில் விரல் வீங்கிக் கறுத்தது. தஞ்சாவூரில் அறுவை செய்தபோது விரலைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே போன எண்ணெய் தசைநாண் உறையின் வழியாகப் பரவிக்கொண்டே போகும், சில மணி நேரத்துக்குள் திறந்து கழுவி எடுக்க வேண்டும் என்று அங்கேதான் சொன்னார்கள். வலி தாமதமாக வருவதுதான் இதில் கொடுமை. காயம் பெரிதாக இருந்திருந்தால் அவரே ஓடியிருப்பார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கசிவு தேடுவது அட்டையால். நீளமான ஒரு அட்டைத் துண்டைக் குழாயிலிருந்து சற்று விலக்கிப் பிடித்து நகர்த்தினால், ஓட்டை இருக்குமிடத்தில் எண்ணெய்க் கோடு விழும். கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்வோம். இடம் தெரிந்ததும் ஸ்பேனரை எடுத்து அங்கேயே முறுக்குபவர்கள் உண்டு. அழுத்தம் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. முதலில் கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, லிவரை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். வண்டி நின்றாலும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கும். ரப்பர் தேய்ந்து கம்பிவலை தெரியும் குழாயைச் சைக்கிள் டியூப் சுற்றி ஓட்டுவது எங்கள் பக்கத்தில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்தக் கலையை நாங்கள் விட்டுவிட்டோம்.

இன்னொன்று, தூக்கி நிறுத்திய கருவியின் அடியில் நுழைவது. நடவுக் கைகளில் சிக்கிய வைக்கோலை எடுக்க ஒரு நிமிடம்தானே என்று குனிவோம். மேலே நிற்கும் அத்தனை கனத்தையும் தாங்குவது ஒரு ரப்பர் வளையத்துக்குப் பின்னாலுள்ள எண்ணெய். யாராவது லிவரைத் தட்டினால் போதும். பூட்டுத் தாழ் இருந்தால் போட்டு, அதோடு கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் கையை நீட்டுவோம். செங்கல் நொறுங்கும், ஆகாது. (ஜாக்கி இருக்கிறதே என்பார்கள். அதுவும் எண்ணெயை நம்பி நிற்பதுதான்.)

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், பாய் நாற்றங்காலில் நாற்று நாளைக் கடந்துகொண்டிருந்தால், ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தச் சொல்பவன் எதிரியாகத் தெரிவான். எங்கள் தம்பிக்கும் ஓட்டுநருக்கும் இதில் வாக்குவாதம் நடக்காத பருவம் இல்லை. சாவி தம்பியின் சட்டைப்பையில் இருக்கும்வரை ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்திருப்பார்.

கருவிப் பெட்டியில் அட்டையோடு ஒரு சீட்டையும் வைத்திருக்கிறோம். வண்டியில் ஊற்றியிருக்கும் எண்ணெயின் பெயரும் தரமும் அதில் எழுதியிருக்கிறது, கீழே, மருத்துவமனையில் போனவுடன் சொல்ல வேண்டியது: “முள் குத்தவில்லை. அழுத்தத்தில் வந்த எண்ணெய் தோலுக்குள் போயிருக்கிறது.”