வீடு பெண்களுக்கு, பயணம் ஆண்களுக்கு!

இந்தோனேசியாவில் எந்த ஊரில் போய் இறங்கினாலும் ஒருவகை சாப்பாட்டுக்கடை கண்ணில் படும. கண்ணாடி அலமாரியில் குழம்புக் கிண்ணங்கள் கோபுரம் போல அடுக்கியிருக்கும். உட்கார்ந்தால் போதும். என்ன வேண்டும் என்று கேட்காமலே, பரிமாறுபவர் ஒரே கையில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை அடுக்கி எடுத்து வந்து மேசை முழுக்கப் பரப்பிவிடுவார். பயப்பட வேண்டாம்! எதைத் தொட்டுச் சாப்பிட்டீர்களோ அதற்கு மட்டும்தான் காசு. இதற்குப் பெயர் 'பாடாங் சாப்பாடு'.

பாடாங் என்பது மேற்கு சுமத்ரா மாகாணத்தின் தலைநகர். 2020 கணக்கெடுப்பின்படி அந்த மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். அவ்வளவு பெரிய நாட்டில் இது சின்ன எண்ணிக்கைதான். அப்படியிருக்க அவர்கள் சமையல் மட்டும் எப்படி ஊர் ஊராகப் போனது? அதைத் தெரிந்துகொள்ள அந்த மண்ணையும் அங்குள்ள வீடுகளையும் முதலில் பார்க்க வேண்டும்.

எரிமலை தந்த மண்

சுமத்ராவின் முதுகெலும்பு போல நீளும் புக்கிட் பாரிசான் மலைத்தொடர் இந்த மாகாணத்தின் ஊடாகப் போகிறது. பூமத்திய ரேகையும் இதன் வழியாகத்தான் செல்கிறது. போன்ஜோல் என்ற ஊரில் அதற்கு ஒரு நினைவுச்சின்னமே உண்டு. ஆனாலும் மலைமேல் இருக்கும் புக்கிட்டிங்கியில் காலை நேரம் குளிராகத்தான் இருக்கும். நகரின் ஓரத்திலேயே சியானோக் பள்ளத்தாக்கு செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து மனின்ஜாவ் ஏரிக்குப் போகும் சாலையில் 44 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏரியே ஒரு பழைய எரிமலையின் வாய்தான்! பக்கத்துக் காடுகளில், உலகின் மிகப் பெரிய தனிமலரான ரஃப்லேசியா பூக்கிறது. பார்க்க அழகு, ஆனால் அழுகிய இறைச்சியின் வாடை. பூத்தால் ஒரு வாரம் போல இருக்கும், பிறகு கருகிவிடும்.

எரிமலைச் சாம்பல் விழுந்த மண்ணில் நெல் நன்றாக விளைகிறது. ஆனால் அதே மலைகள் உயிரையும் கேட்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று வந்த நிலநடுக்கத்தில் பாடாங்கிலும் சுற்றுப்புறங்களிலும் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 டிசம்பர் 3 அன்று மராபி எரிமலை வெடித்ததில் மலையேறப் போன 24 பேர் மாண்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வெள்ளமும் நிலச்சரிவும் மாகாணத்தை மறுபடி உலுக்கின. இத்தனைக்கும் பிறகும் மக்கள் வயலை விட்டுப் போய்விடவில்லை. அந்த வயல் யாருடையது என்பதில்தான் கதையே இருக்கிறது.

அம்மா வழி வரும் சொத்து

இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மினாங்கபாவ் மக்கள். தீவிரமான முஸ்லிம்கள். அதே சமயம் உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் என்று சொல்லப்படுபவர்களும் இவர்கள்தான். குலப்பெயர் அம்மாவிடமிருந்து வருகிறது. பரம்பரை வீடும் வயலும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். ஒருவர் தானே சம்பாதித்த சொத்து மட்டும் இஸ்லாமிய முறைப்படி பிரிக்கப்படும். குடும்ப விஷயங்களைக் கவனிப்பவர் தாய்மாமன். அவரை 'மாமக்' என்கிறார்கள்!

பரம்பரை நிலத்தை விற்கக் கூடாது. அடகு வைப்பதற்குக்கூட நான்கு காரணங்கள்தான் உண்டு. வீட்டில் பிணம் கிடந்து அடக்கம் செய்யப் பணம் இல்லாவிட்டால் வைக்கலாம். வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தால், குடும்ப வீடு ஒழுகினால், குலத்தின் தலைமைப் பட்டத்தை மீண்டும் நிலைநிறுத்த வேண்டியிருந்தால் வைக்கலாம். வேறு எதற்கும் அனுமதி இல்லை.

'ருமா கடாங்' என்ற குடும்ப வீட்டின் கூரை எருமைக் கொம்பு போல இருபுறமும் வளைந்து மேலே எழும். இதற்கு ஒரு கதை உண்டு. ஜாவாவிலிருந்து படையெடுத்து வந்தவர்களோடு போரிடுவதற்குப் பதில் எருமைச் சண்டை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதாம். அவர்கள் ஒரு முரட்டு எருமையைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் பால் குடிக்க விடாமல் பட்டினி போட்ட கன்றின் மூக்கில் கூரான இரும்பைக் கட்டி விட்டார்கள். தாயென்று நினைத்துக் கன்று வயிற்றில் முட்ட, பெரிய எருமை விழுந்தது. 'வென்ற எருமை' என்பதுதான் மினாங்கபாவ் என்ற பெயருக்கு மக்கள் சொல்லும் பொருள்.

அந்த வீட்டின் அறைகள் மகள்களுக்கும் அவர்கள் கணவன்மார்களுக்கும். அப்படியானால் பையன்கள்? அவர்களுக்கு அறை கிடையாது. பழைய வழக்கப்படி ஏழெட்டு வயதானதும் இரவில் 'சுராவ்' எனும் தொழுகைக்கூடத்தில்தான் தூக்கம். குர்ஆன் ஓதுவது, சிலம்பம் போன்ற 'சிலேக்' சண்டைக்கலை எல்லாம் அங்கேதான் கற்றார்கள். கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போனாலும் அங்கே விருந்தாளி மாதிரிதான். மரக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல் என்று கணவனைச் சொல்கிறது அவர்கள் பழமொழி. ஒரு காற்று அடித்தால் போதும்!

ஆகவே இளைஞன் வெளியூர் கிளம்புகிறான். இந்த வழக்கத்துக்கு 'மெரந்தாவ்' என்று பெயர். போய்ப் படிக்க வேண்டும், சம்பாதிக்க வேண்டும், ஆளாகித் திரும்ப வேண்டும். இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹத்தாவும் முதல் பிரதமர் சுதான் ஷாரிரும் இந்த மண்ணில் பிறந்து வெளியே போனவர்கள்தான். பெண்களும் சும்மா இருக்கவில்லை. கோத்தோ கடாங் கிராமத்தைச் சேர்ந்த ரோஹானா குடுஸ் 1912-ல் பெண்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

கட்டுச்சோறு

ஊரை விட்டுப் போகிறவனுக்குக் கெடாத சாப்பாடு வேண்டுமே? அங்கேதான் ரெண்டாங் வருகிறது. மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு, மிளகாய், வெங்காயம், பூண்டு, இஞ்சி, அரத்தை, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவார்கள். முதலில் தண்ணீராக இருக்கும்போது அது 'குலாய்'. கெட்டியானால் 'கலியோ'. பால் முழுதும் சுண்டி எண்ணெய் பிரிந்து, கறி கருத்துவிட்டால்தான் ரெண்டாங். அவசரப்பட்டால் அடிபிடித்துவிடும். ஈரம் போய்விடுவதால் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும். 2018-ல் சுலவேசித் தீவின் பாலு நகரம் நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் சிதைந்தபோது, மேற்கு சுமத்ரா மக்கள் ரெண்டாங் சமைத்துத்தான் நிவாரணமாக அனுப்பினார்கள்.

எல்லா உணவும் இப்படிப் பெருமையான கதை சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் காப்பிக் கொட்டைகளை டச்சுக்காரர்களிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தது. விளைவித்தவர்கள் குடித்தது காப்பி இலையின் சாறு. இலையை நெருப்பில் வாட்டிக் காய்ச்சிய 'கவா டாவுன்' இன்றும் தேங்காய்ச் சிரட்டையில் கிடைக்கிறது.

வெளியே போனவர்கள் மட்டுமல்ல, உள்ளே வந்தவர்களும் இருக்கிறார்கள். பாடாங்கில் இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் ஆண்டுக்கொரு நாள் பள்ளிவாசல் கூரையில் ஏறி, துணியில் முடிந்த சர்க்கரையைக் கூட்டத்தின் மேல் வீசுகிறார்கள். கீழே இருப்பவர்கள் எல்லோரும் கையேந்திப் பிடிக்கிறார்கள். யார் நினைவாகத் தெரியுமா? நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக!

பூட்டிய வீடுகள்

இப்போது பெண்களும் படிப்புக்கும் வேலைக்கும் ஜகார்த்தா போகிறார்கள். அவர்களும் போகத்தானே வேண்டும்? ஆனால் பல ருமா கடாங் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரை ஒழுகினால் நிலத்தை அடகு வைத்தாவது சரிசெய்யலாம் என்று முன்னோர்கள் வழி வைத்தார்கள். வீட்டில் ஆளே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை.

பெருநாள் விடுமுறைக்கு மட்டும் அந்த வீடுகளின் கதவுகள் திறக்கின்றன. அடுப்பில் தேங்காய்ப்பால் கொதிக்கிறது. திரும்பிப் போகிறவர்களின் பைகளில் ரெண்டாங் கட்டி வைக்கப்படுகிறது. முன்பு மகன்களுக்கு மட்டும் கட்டினார்கள். இப்போது மகள்களுக்கும் சேர்த்து.