அல்பேனியா: தெற்குக் கரையிலிருந்து வடக்கு மலைவரை

கிரீஸுக்கு வடக்கே, அட்ரியாட்டிக் கடலையும் அயோனியன் கடலையும் ஒட்டியிருக்கும் அல்பேனியாவின் பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர்தான். 1944 முதல் 1985-இல் இறக்கும்வரை கம்யூனிசச் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் பிடியில் இருந்த நாடு இது. யூகோஸ்லாவியாவின் நட்பு 1948-இலும், சோவியத் ஒன்றியத்தின் நட்பு 1961-இலும், சீனாவின் நட்பு 1978-இலும் முறிந்தன. அதற்குப் பின் கைகொடுக்க ஒரு பெரிய நாடும் இல்லை. அந்தத் தனிமை விட்டுச்சென்ற தடங்களைப் பழைய நகரங்களின் இடிபாடுகளுக்கு நடுவிலேயே இன்றும் பார்க்க முடிகிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் பயணத்தில் இது நன்றாகத் துலங்கும்.

தென்கோடியில் இருப்பது புத்ரிந்த். கடலோடு கால்வாயால் இணைந்த ஏரியின் கரையில், மரங்கள் அடர்ந்த ஒரு சிறு தீபகற்பம். கிரேக்கர், ரோமானியர், பைசாந்தியர், வெனிஸ்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக இங்கே கட்டினார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் அரங்கம் மருத்துவக் கடவுளான அஸ்கிலிப்பியஸின் கோயிலை ஒட்டியது. அதன் கற்களில் அடிமைகளுக்கு விடுதலை அளித்த பதிவுகள் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பேரரசர்களின் வெற்றியைப் பறைசாற்றும் கல்வெட்டுகள் எங்கும் உண்டு. விடுதலையான எளியவர்களின் பெயர் தாங்கிய கற்கள் அரிது. புத்ரிந்தில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நிலம் தாழ்ந்துபோனதால் அரங்கத்தின் தரையில் அடிக்கடி நீர் தேங்குகிறது. 6-ஆம் நூற்றாண்டின் ஞானஸ்நானக் கூடத்தில் வண்ணக் கற்கள் பதித்த தரையைப் பெரும்பாலும் மணலால் மூடியே வைக்கிறார்கள். இத்தாலியரான லூயிஜி உகோலினி 1928-இல் அகழாய்வைத் தொடங்கினார். 1992-இல் புத்ரிந்த் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் ஜிரோகாஸ்தர். கூரைக்கும் கல்லையே வேய்ந்த வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஹோஜா பிறந்ததும், எழுத்தாளர் இஸ்மாயில் கதாரே 1936-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். சர்வாதிகாரியையும், சர்வாதிகாரத்தைக் கதைகளில் விசாரித்தவரையும் தந்த ஊர். கோட்டையின் மேல்தளத்தில், 1957-இல் அல்பேனிய மண்ணில் இறக்கப்பட்ட அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று துருவேறிக் கிடக்கிறது. உளவு விமானம் பிடிபட்டது என்று மக்களுக்குக் காட்டவே அதை அங்கே வைத்தார்கள்.

மேற்குச் சமவெளியில் உள்ள அப்பொலோனியாவில் பழங்காலமும் ஹோஜாவின் காலமும் நேருக்கு நேர் மோதுகின்றன. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோது, பின்னாளில் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியன் இந்த நகரில்தான் படித்துக்கொண்டிருந்தார். கல்விக்குப் பேர்போன அந்த நகரம் புதைந்திருக்கும் குன்றிலேயே ஹோஜாவின் அரசு கான்கிரீட் பங்கர்களை இறக்கியது. அகழ்ந்து பார்க்கப்படாத மண்ணும் அதில் சிதைந்தது.

பங்கர்கள் கட்டும் வேலை 1970-களில் வேகமெடுத்தது. நேட்டோ ஒருபுறம், சோவியத் படை மறுபுறம், யூகோஸ்லாவியா இன்னொரு புறம் என்று எல்லாத் திசையிலும் படையெடுப்பை எதிர்பார்த்த அரசு, வயல், கடற்கரை, கல்லறை என்று இடம் பார்க்காமல் கட்டியது. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும். ஒருவரோ இருவரோ நின்று சுடும்படியான, காளான் குடை போன்ற சிறு கூடுகளே அவற்றில் அதிகம். வீடுகட்டப் பயன்பட்டிருக்க வேண்டிய சிமென்டும் இரும்பும் இப்படி மண்ணுக்குள் போயின. எதிர்பார்த்த படையெடுப்பு கடைசிவரை வரவில்லை. இன்று சில தொழுவங்களாகவும் சில கிடங்குகளாகவும் இருக்கின்றன. பலவற்றை இரும்புக்காக உடைத்துவிட்டார்கள்.

தலைநகர் திரானாவின் விளிம்பில், தாய்தி மலையடியில், அரசுத் தலைமைக்கென்று கட்டிய ஐந்து தளப் பங்கர் 2014 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ரகசியப் போலீஸின் ஒட்டுக்கேட்பு நிலையமாக இருந்த ‘இலைகளின் வீடு’ 2017-இல் திறக்கப்பட்டது. ஹோஜாவின் நினைவாக 1988-இல் எழுப்பிய பிரமிடைப் புதுப்பித்து, இளைஞர்கள் தொழில்நுட்பம் பயிலும் இடமாக 2023-இல் திறந்தார்கள். அதன் சரிவுகளில் இப்போது படிக்கட்டுகள். யாரும் உச்சிவரை ஏறலாம்.

வடக்கே மலைகளுக்கு நடுவில் உள்ள ஸ்பாச் சிறைமுகாமில் அலங்காரம் எதுவும் கிடையாது. 1968 முதல் அரசியல் கைதிகள் அங்கே செம்பும் பைரைட்டும் வெட்டினார்கள். 1973 மே மாதம் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கிய அரசு நால்வரைக் கொன்றது. கட்டடங்கள் இடிந்துகொண்டே இருக்கின்றன. புத்ரிந்துக்குக் கிடைத்த அக்கறை இதற்கும் கிடைத்தாக வேண்டும்.

அதற்கும் வடக்கே ‘சபிக்கப்பட்ட மலைகள்’. இவற்றின் உயர்ந்த சிகரம் 2,694 மீட்டர் உயரமுள்ள யெசெர்ட்சா. டிரின் ஆற்றில் அணைகட்டி உருவாக்கிய கோமன் ஏரியில் படகேறினால், செங்குத்தான பாறைகளுக்கிடையே இரண்டு, மூன்று மணி நேரப் பயணம். இறங்கி வல்போனாப் பள்ளத்தாக்குக்குப் போய், அங்கிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரக் கணவாயைக் கடந்து தெத் கிராமத்துக்கு நடக்க ஒரு முழுப் பகல் பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை ஏற்ற காலம். மற்ற மாதங்களில் பனி வழியை மறைத்துவிடலாம்.

தெத்தில் சிறு ஜன்னல்கள் மட்டுமே கொண்ட ஒரு கல் கோபுரம் உண்டு. பழிக்குப் பழி வாங்கும் மரபில் உயிருக்கு ஆபத்து நேர்ந்த ஆண்கள் சமரசம் ஆகும்வரை அதனுள் அடைந்திருந்தார்கள். கானூன் என்ற மலைச்சட்டம் பழிவாங்கலுக்கு விதி வகுத்தது. அதே சட்டம், வாசலுக்கு வந்த விருந்தினரை உயிரைக் கொடுத்தும் காக்கச் சொன்னது. கம்யூனிச ஆட்சி இந்தப் பழியை ஒடுக்கியது. அந்த ஆட்சி விழுந்தபின் சில இடங்களில் பழிவாங்கல் மீண்டும் தலைதூக்கியது. விருந்தோம்பலோ எந்த ஆட்சியிலும் அறுபடவில்லை. இன்று தெத்தின் குடும்பங்கள் தம் வீடுகளையே விடுதிகளாக்கி, நடந்து வருவோருக்கு ஆட்டுப்பாலாடைக்கட்டியும் சோளரொட்டியும் பரிமாறுகின்றன.