கையெழுத்து

தாமான் ரிம்பா கியாராவைக் காப்பாற்றக் கோரும் மனுவில் 2017இல் நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நண்பனின் காரில் போய் அந்தப் பூங்காவில் ஓடுவோம். பசித்ததும் தோசைக்கு பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பிவிடுவோம். 25 ஏக்கர் பூங்காவில் ஏறக்குறைய 12 ஏக்கரை எடுத்து, 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்கள் எழுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "அங்க நம்ம ஆளுங்க ரூமா பாஞ்சாங் இருக்கே, அவங்க எங்கடா போவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் வரிசையாகக் கூரைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கும் இடம் என்று நினைத்துக்கொண்டு, காதில் பாட்டோடு கடந்து ஓடியிருக்கிறேன்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் அதைக் கையகப்படுத்தியபோது, 80களின் தொடக்கத்தில், பால் வெட்டிய குடும்பங்களை நீண்டவீடுகளுக்கு மாற்றினார்கள். தற்காலிகம்தான், நிரந்தர வீடு வரும் என்றார்கள். தோட்டம் போன இடத்தில் கோல்ஃப் மைதானம் வந்தது, குதிரையேற்ற மன்றம் வந்தது. வீடு வரவில்லை. சுமார் நூறு குடும்பங்கள் தற்காலிக வீட்டிலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை எடுத்துவிட்டன.

2017இல் அந்த வீடு ஒருவழியாகத் திட்டத்தில் இடம்பெற்றது. எட்டு ஆடம்பரக் கட்டடங்களோடு ஒட்டிக்கொண்டு, 29 மாடியில் 350 வீடுகள் கொண்ட மலிவு விலைக் கட்டடம் ஒன்று. அந்தக் கோபுரங்கள் எழுந்தால்தான் இவர்களுக்கு வீடு. பூங்கா பிழைத்தால் வீடு இல்லை. இந்த முடிச்சைப் போட்டது மரமும் இல்லை, மக்களும் இல்லை. ஆனால் அதன் பிறகு பூங்காவுக்காக நின்றவர்கள் நீண்டவீட்டு மக்களின் எதிரிகளாகத் தெரிந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அம்மாவும் வந்தார். இந்தமுறை ஓடவில்லை. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நாற்காலி எடுத்துப்போட்டார். நான் தயங்கித் தயங்கி மனுவைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"பார்க்கும் வேணும்தான் தம்பி. எங்க பேரப்பசங்களும் அங்கதான் பந்து ஆடுறானுங்க. எங்களுக்கு வீடு எங்க வேணும், எப்படி வேணும்னு யாராச்சும் வந்து கேட்டாங்களா சொல்லு."

நீண்டவீடு இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டுங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்பதுதான் பூங்காவுக்காகப் போராடியவர்களின் கோரிக்கையும் என்று பிறகு அறிந்தேன். நான் கையெழுத்துப் போட்ட தாளில் அந்த வரி இருந்ததா? நான் படிக்கவே இல்லை. மரங்களின் படத்தைப் பார்த்தேன், போட்டுவிட்டேன்.

கேட்காமல் போடும் திட்டம் எப்படி இருக்கும் என்பதை நான் என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 2010 அக்டோபர் 27 அன்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். நான் அப்போது முதலாம் படிவம். தோரணங்களும் நீரூற்றும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. ஜாலான் துன் சம்பந்தன் ஒருவழிப் பாதையானது. பார்வையற்றோர் சங்கம் இருக்கிற வட்டாரம் இது. வெள்ளைக் கோலின் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஒருநாள் ஓர் அங்கிளின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைத்தேன். "இத்தன வருஷமா எந்தப் பக்கம் வண்டி வரும்னு என் காதுக்குத் தெரியும் தம்பி. இப்ப மாத்திட்டாங்க. காதுக்கு யாரும் சொல்லலையே" என்றார். அவர் நடப்பதற்காகப் பதித்த மஞ்சள் கற்களின் மேல் நாலு மோட்டார் சைக்கிள்கள் நின்றன.

யாரிடம் போய்ச் சொல்வது? மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூர் மேயர் நியமனம் பெற்று வருகிறவர். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில் அடர்த்தியைக் கூட்டினால், பக்கத்து நிலத்தின் பதிவுபெற்ற உரிமையாளருக்கு ஆட்சேபிக்கும் உரிமை உண்டு என்றது அப்போதைய நகரத் திட்டமிடல் விதி. நாற்பது வருஷம் குடியிருந்தும் பேரில் ஒரு சாண் நிலம் இல்லாதவர்களை அந்த விதிக்குத் தெரியாது. கோலாலம்பூர் நகரத் திட்டத்தின் வரைவு 2008இல் மக்கள் பார்வைக்கு வந்தது. 2018 அக்டோபரில்தான் அரசிதழில் ஏறியது. இடைப்பட்ட பத்து வருஷத்தில் எத்தனையோ அனுமதிகள் போய்விட்டன. ரிம்பா கியாராவும் அதில் ஒன்று.

வழக்கு ஆறு வருஷம் நடந்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்று, 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். கட்டமைப்புத் திட்டத்தை மேயர் தன் விருப்பத்துக்கு ஒதுக்கிவிட முடியாது, விலகினால் காரணம் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய தீர்ப்பு அது. நண்பன் "ஜெயிச்சிட்டோம்" என்று செய்தி அனுப்பினான். நானும் சந்தோஷப்பட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "அவங்களுக்கு வீடு?" என்று மட்டும் கேட்டார். அன்றும் அவர்கள் நீண்டவீட்டில்தான் இருந்தார்கள்.

வீடு என்றால் எந்த வீடும் இல்லை. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் எடுத்த ஆய்வை யூனிசெஃப் 2018இல் வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவர்கள். தலைக்கு மேல் கூரை இருந்தது. விளையாட இடமும் தட்டில் நல்ல சாப்பாடும் போதவில்லை. அந்தப் பாட்டி பூங்காவையும் சேர்த்துத்தான் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2024இல் கோலாலம்பூர் வட்டாரத் திட்டம் 2040இன் வரைவு கருத்துக்கேட்புக்கு வந்தபோது, அம்மாவும் நானும் சாப்பாட்டு மேசையில் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாரம் மலாயில் இருந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். பசுமை, நிலைத்தன்மை என்று நான் பெரிய வார்த்தைகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் அப்புறம் எழுதலாம். மொதல்ல அங்க யாரு யாரு இருக்காங்கன்னு எழுது" என்றார் அம்மா.

எழுதினேன். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.