சோமனூர் அக்கா குடிவைக்கும் வீடுகள்

ஜெர்மனியிலிருந்து ஒரு பொறியாளர் குடும்பத்தோடு கோவைக்கு மாற்றலாகி வருகிறார் என்றால், அவர் பீளமேடு விமான நிலையத்தில் இறங்கும் முன்பே காளப்பட்டியிலோ சரவணம்பட்டியிலோ ஒரு வீடு தயாராகிவிடும். கட்டிலில் விரிப்பு, ஃப்ரிட்ஜில் பால், குளியலறையில் துண்டு, அடுப்படியில் குக்கர், எல்லாம் இருக்கும். வெளிநாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள் கோவைக்கு வருகின்றன என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதுகின்றன. அப்படி வருகிறவர்களைக் குடிவைப்பது யார் என்று பார்க்க ஆசைப்பட்டேன். கீரணத்தம் பக்கம் மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர் வழி சொன்னார்.

வெளிநாட்டுப் பொறியாளர்கள் வருவது இந்த ஊருக்குப் புதிதில்லை. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் தொடங்கியதே சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டோடுதான். அன்று பெரிய மில்கள் சொந்தமாக கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தன. இன்று கம்பெனிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். சாமான்களோடு வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீட்டைப் பிடித்து, மற்றதை ஏஜென்சி தலையில் கட்டிவிடுகிறது.

காளப்பட்டி ரோட்டில் ஓர் ஆறாம் மாடி வீடு. மறுநாள் காலை ஆள் வருகிறார். "ஏனுங் சார், செருப்ப வெளிய விட்ருங்க, தரை ஈரமா இருக்குது" என்றபடி கதவைத் திறந்தவரை எல்லோரும் சோமனூர் அக்கா என்கிறார்கள். நாற்பத்தேழு வயது. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் நாற்பது பக்க நோட்டு, முந்தானை முடிச்சில் வண்ண ஸ்டிக்கர்கள்.

அந்த ஸ்டிக்கர்கள்தான் அவருடைய கண்டுபிடிப்பு. கீசர் சுவிட்சுக்குச் சிவப்பு, குடிதண்ணீர் இயந்திரத்துக்கு நீலம், இன்வெர்ட்டருக்கு மஞ்சள். ஏன் என்று கேட்டேன்.

"அவியூர்ல சொருகுனாவே கரண்டு வந்துருமாட்ட இருக்குதுங்க. இங்க பக்கத்துல சுச்சு இருக்குது, அதையும் போடோணும்னு தெரியறதில்ல. ராத்திரி பதனோரு மணிக்குப் போனு, நோ பவர், நோ பவர்னு. லிப்ட் ஏறி வந்து ஒரு சுச்சத் தட்டிட்டுப் போவேன்."

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். இரண்டாம் மாடிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'ஐயா, அம்மா, ரெண்டு புள்ளைக. சின்னதுக்குக் கடலை ஆகாது. கடலெண்ணெய் வெக்கக்கூடாது.' இது ஏஜென்சி தந்த பட்டியலில் இல்லை. தங்கியவர்களோடு பழகி அக்காவே தெரிந்துகொண்டது. ஏஜென்சிப் பட்டியல் கரண்டியையும் தலையணையையும் எண்ணுகிறது. குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாது என்பது அதில் எந்தக் கட்டத்திலும் வராது.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று இந்த மாடிகளில் தனி ஆட்டம் போடும். பால்கனிக் கதவு அறைந்து தானே பூட்டிக்கொள்ள, வெளியே நின்று ஊர் பார்த்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் ரப்பர் கட்டை வைக்கிறார் அக்கா. பில்லூர்த் தண்ணீர் வராத நாளில் குழாயில் போர்வெல் உப்புத்தண்ணீர் வரும். குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் உப்பை வினிகரில் ஊறவைத்த துணியால் சுற்றி எடுக்கிறார். வெளிநாட்டவர் குடிவந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். அதை ஏஜென்சிப் பையன் வெகுநேரம் விளக்கினான். எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

வீட்டு உரிமையாளர் அம்மா வந்து பால் காய்ச்சச் சொன்னார். யார் குடிவந்தாலும் பால் பொங்காமல் விடுவதில்லையாம். வந்து இறங்கும் குடும்பத்துக்காக முந்தின நாளே அக்கா பொங்கவைத்து, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்.

பிறகு விரிப்பை உதறினார். ஓரத்தை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தார். "பாலியஸ்டர் கலந்துருக்குதுங்க. காண்ட்ராக்டர் மலிவா வாங்கிப்போட்றாரு. ஏசி நின்னா வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வீடு தறி ஓடற ஊர்ல இதையா விரிக்கிறது?"

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதில்தான் கதை வந்தது. அக்கா குடும்பத்திடம் எட்டு விசைத்தறி இருந்தது. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். இவர்கள் கூலிக்கு நெய்து தருவார்கள். கணவர் தறி பார்க்க, அக்கா தார் சுற்றி, நூல் அறுந்தால் முடிந்து, ராத்திரி ஷிஃப்டும் பார்த்திருக்கிறார். ஒப்புக்கொண்ட கூலி உயர்வைத் தரச் சொல்லி 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. அதே வருடம் செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. "தறி நின்னாலும் வட்டி நிக்கிலீங்க. எட்டையும் காயலாங்கடைக்கு எடைக்குப் போட்டம். வண்டில ஏத்தறப்ப என்ற வீட்டுக்காரரு வெளியவே வரல."

கணவர் இப்போது கருமத்தம்பட்டியில் வாட்ச்மேன். அக்கா பஸ் மாறி இங்கே வருகிறார். நூலின் நம்பரை விரலால் சொல்கிற அந்தக் கைதான் இப்போது மெத்தையின் மூலைகளை மடித்துச் செருகுகிறது.

சம்பளம்? ஒரு வீடு தயார் செய்ய எழுநூறு ரூபாய். காலி செய்யும்போது எண்ணிச் சரிபார்க்க முந்நூறு. ராத்திரி போனுக்குக் காசில்லை. கரண்டி குறைந்தால் பிடித்தம் உண்டு.

இனி என் ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கம்பெனி பெங்களூர் ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறது. அவர்கள் கோவை ஏஜென்சிக்கும், இவர்கள் ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டருக்கும் வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். புரோக்கர் தனியாக ஒரு மாத வாடகை வாங்கிக்கொள்கிறார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019-ல் நடைமுறைக்கு வந்தது; ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது அது. அந்த 'வேறு மாதிரி' வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே நுழைகிறது. வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தைக்கூட குடியிருப்பவருக்கு விடாமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் அடுத்த கைக்கு விடுகிறது. கடைசிக் கை அக்காவுடையது. அந்தக் கையில்தான் துடைப்பம் இருக்கிறது. பாவு நூல் கொடுத்தவர் கூலி நிர்ணயித்த அதே முறைதான் இது. தறிக்குப் பதில் சோபா.

சோபா என்றதும் நினைவு வருகிறது. மதியம் சாப்பாட்டுக்கு அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். விருந்தினர் நாற்காலியில் பணியாளர் உட்காரக் கூடாது என்பது காண்ட்ராக்டர் விதி. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. ஆறாம் மாடி வீடு கடையா, நிறுவனமா, வீடா என்று யார் கேட்பது? வீட்டுவேலை செய்வோருக்கு 2007-ல் இங்கே நலவாரியமே அமைத்தாயிற்று. அக்காவிடம் அட்டை இல்லை. "நீங்க கம்பெனி ஆளுன்னு அங்க சொல்றாங்க. கம்பெனில கேட்டா, நீங்க காண்ட்ராக்ட் ஆளும்பாங்க."

வழி சொன்ன மனிதவள நண்பரிடம் இதைச் சொன்னபோது, ஏஜென்சி அனுப்பும் பில்லில் 'வீட்டுத் தயாரிப்பு' என்று ஒரே வரிதான் இருக்கும், அதற்குள் யார் இருக்கிறார் என்று தாங்கள் பார்த்ததில்லை என்றார். பார்க்கலாம். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, வீடு தயார் செய்கிறவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும். ராத்திரி அழைப்புக்கு ஒரு தொகை வையுங்கள். நலவாரியத்தில் சேர 18 முதல் 60 வயது வரை தகுதி உண்டு. இந்த வேலையில் இருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றில் கையெழுத்துப் போடும்படி காண்ட்ராக்டரிடம் நீங்கள் சொன்னால் அவர் போடுவார். அக்கா சொன்னால் போடமாட்டார்.